பைரீன் 1:3 விகிதம் நூல் மதிப்போடு ஒத்துப்போகவில்லை: ஸ்லிட்டா, செறிவா?

கேள்வி | கரைசல்_25

வணக்கம். கரைப்பான்களின் முனைவுத்தன்மையை ஒப்பிட, ஒளிரும் அரோமாட்டிக் மூலக்கூறான பைரீனின் ஒளிர்வு நிறமாலையில் முதல் பட்டைக்கும் மூன்றாம் பட்டைக்கும் உள்ள உயர விகிதத்தை எடுத்துவருகிறேன். வரிசை ஓரளவு சரியாக வருகிறது, எண்கள் மட்டும் நூல் மதிப்புகளிலிருந்து விலகி நிற்கின்றன.

ஹெக்சேன் 0.71 (நூலில் 0.58)
மெத்தனால் 1.17 (1.35)
அசிட்டோநைட்ரைல் 1.46 (1.79)
நீர் 1.38 (1.87)

அளவீட்டு நிலைமைகள்: கிளர்வூட்டல் 335 நா.மீ., கிளர்வூட்டல், உமிழ்வு இரண்டு பக்க ஸ்லிட்டும் (எவ்வளவு அலைநீள அகலத்தை உள்ளே விடுவது என்று தீர்மானிக்கும் பிளவு) 5 நா.மீ., 1 நா.மீ. இடைவெளியில் ஸ்கேன், 1 செ.மீ. குவார்ட்ஸ் குவெட், செங்கோண அமைப்பு. கரிமக் கரைப்பான்களில் பைரீன் 1 × 10⁻⁴ மோலார். நீரில் 2 × 10⁻⁶ மோலார். மெத்தனாலில் கரைத்ததை நேராக நீரில் விட்டுக் கலக்கினேன். ஆக்சிஜனை நீக்கவில்லை.

எனக்குள்ள சந்தேகங்கள்: இந்த விலகலுக்கு முதன்மைக் காரணம் எது? மெத்தனாலுக்கும் அசிட்டோநைட்ரைலுக்கும் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய ஒன்றுதான், அப்படியிருக்க விகிதம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? பைரீனுக்குப் பதிலாக ஆந்த்ரசீனைப் பயன்படுத்தலாமா? அடுத்த கட்டமாக எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்பேட் என்ற சர்ஃபாக்டண்ட், அதாவது சோப்பு போன்ற பொருள்) மூலக்கூறுகள் நீரில் கொத்தாகச் சேர்ந்து மைசெல் உருவாகும் செறிவை இதே முறையில் அளக்க வேண்டும்.

பதில் | பட்டை373

உங்கள் எண்களிலேயே விடை இருக்கிறது. ஹெக்சேனில் நூல் மதிப்பைவிடக் கூடியிருக்கிறது, முனைவுள்ள கரைப்பான்களில் குறைந்திருக்கிறது. அதாவது அளவுகோல் முழுவதும் இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கிச் சுருங்கியிருக்கிறது. ஒரு திசையில் மட்டும் விலகியிருந்தால் கருவியின் நிறமாலைத் திருத்தத்தைச் சந்தேகிக்கலாம். இரு பக்கமும் சுருங்கினால் முதலில் பார்க்க வேண்டியது உமிழ்வுப் பக்க ஸ்லிட், அடுத்தது டிடெக்டர் செறிவடைதல் (ஒளி மிகுந்து எண்ணிக்கை தட்டையாவது).

பைரீனின் ஐந்து பட்டைகளும் தோராயமாக 373, 379, 384, 389, 393 நா.மீ. இடங்களில் வரும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே 11 நா.மீ.தான் தூரம், அதற்குள் இரண்டாம் பட்டையும் உட்கார்ந்திருக்கிறது. 5 நா.மீ. ஸ்லிட் வைத்தால் ஒவ்வொரு புள்ளியிலும் பக்கத்துப் பட்டையின் ஒளியும் சேர்ந்தே டிடெக்டருக்குப் போகும். முதல் பட்டைக்கு இடது பக்கத்தில் அண்டை வீடு இல்லை, எனவே விரிந்த ஸ்லிட்டில் அதன் உச்சம்தான் அதிகம் மழுங்கும். மூன்றாம் பட்டையோ இரு பக்கமும் அண்டைப் பட்டைகளிடமிருந்து ஒளியை வாங்கிக்கொள்ளும். முனைவுள்ள கரைப்பானில் விகிதம் இறங்குவது இதனால்தான். உமிழ்வு ஸ்லிட்டை 1 நா.மீ. ஆக்குங்கள், சிக்னல் தாங்கினால் 0.5. ஸ்கேன் இடைவெளி 0.2 நா.மீ., ஒரு புள்ளிக்கு 0.5 முதல் 1 விநாடி. ஸ்லிட்டை மில்லிமீட்டரில் காட்டும் கருவியாக இருந்தால் மோனோக்ரோமேட்டரின் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் பகுதி) பிரிகையால் பெருக்கிக்கொள்ள வேண்டும்: மில்லிமீட்டருக்கு 4 நா.மீ. என்றால் 0.25 மி.மீ. திறப்புதான் 1 நா.மீ.

கிளர்வூட்டல் ஸ்லிட் உமிழ்வுப் பட்டைகளைப் பிரித்துக் காட்டுவதைப் பாதிக்காது. சிக்னல் போதாவிட்டால் அதை 3 அல்லது 4 நா.மீ.க்குத் திறந்துகொள்ளலாம். பலர் இரண்டு ஸ்லிட்டையும் சேர்த்தே குறைத்துவிட்டு, இரைச்சல் தாங்காமல் மறுபடியும் இரண்டையும் திறந்துவிடுகிறார்கள். குறைக்க வேண்டியது உமிழ்வுப் பக்கத்தை மட்டுமே. இரைச்சலை அடக்க மென்பொருளில் மிருதுவாக்கும் வசதியை அழுத்தாதீர்கள். அகலமான சாளரத்தில் மிருதுவாக்கினால் விரிந்த ஸ்லிட் செய்த அதே கெடுதலைக் கணக்கு மூலமாகச் செய்ததாகும். மூன்று ஸ்கேன் எடுத்துச் சராசரி போடுவது மேல்.

டிடெக்டர் விஷயம். ஃபோட்டான் எண்ணும் கருவிகளில் விநாடிக்கு ஒன்றிரண்டு மில்லியனைத் தாண்டினால் எண்ணிக்கை நேர்விகிதத்தில் ஏறாது. உயரமான பட்டைதான் முதலில் தட்டையாகும். ஹெக்சேனில் உயரமானது மூன்றாம் பட்டை, அது குறைந்தால் விகிதம் கூடும். அசிட்டோநைட்ரைலில் உயரமானது முதல் பட்டை, அது குறைந்தால் விகிதம் இறங்கும். நீங்கள் காண்பதும் இதே தோற்றம்தான். சோதிப்பது எளிது: கிளர்வூட்டல் பாதையில் ஒளிகுறைப்பு வடிகட்டி ஒன்றை வைத்து அதே மாதிரியை மறுபடி அளங்கள். விகிதம் மாறினால் டிடெக்டர் செறிவடைந்திருந்தது என்று பொருள்.

இனி செறிவு. 335 நா.மீ. அருகே பைரீனின் மோலார் உறிஞ்சல் குணகம் சுமார் 50,000. உங்கள் 10⁻⁴ மோலார் கரைசலில் 1 செ.மீ.க்கு உறிஞ்சல் 5 வருகிறது. கிளர்வூட்டும் ஒளி குவெட்டின் முன்சுவரிலேயே தீர்ந்துவிடும், உமிழ்வைப் பார்க்கும் கண்ணோ குவெட்டின் நடுவை நோக்கியிருக்கிறது. சிக்னல் குறைவது ஒரு பக்கம். விகிதத்தையே கெடுப்பது இரண்டாம் வகை உள்வடிகட்டல்: 372 நா.மீ.யில் பைரீனுக்கு மெலிதான உறிஞ்சல் உண்டு (குணகம் சில நூறு), அது முதல் பட்டை உமிழ்ந்த ஒளியில் கொஞ்சத்தைத் திரும்ப விழுங்கும், 384இல் உள்ள மூன்றாம் பட்டையைத் தொடாது. 10⁻⁴ மோலாரில் இது சில சதவீதம் வரை போகும். அதோடு 470–480 நா.மீ.யில் எக்சைமரின் (கிளர்ந்த பைரீனும் இன்னொரு பைரீனும் சேர்ந்த ஜோடி) அகன்ற மேடும் எழும். அதன் இடது சரிவு மூன்றாம், நான்காம் பட்டைகளின் அடியில் புகுந்தால் அடித்தளமே சாய்ந்துவிடும். 1 × 10⁻⁶ மோலாருக்கு இறங்குங்கள். அப்போது உறிஞ்சல் 0.05, இரண்டு தொல்லையும் இல்லை.

ராமன் சிதறலையும் (கரைப்பானின் அதிர்வால் அலைநீளம் மாறிச் சிதறும் ஒளி) கணக்கில் எடுக்க வேண்டும், இதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. 335 நா.மீ.யில் கிளர்வூட்டினால் நீரின் 3400 செ.மீ.⁻¹ அதிர்வு 378 நா.மீ.யில் சிதறல் பட்டையைத் தரும், அதாவது முதல் பட்டைக்கும் மூன்றாம் பட்டைக்கும் நட்டநடுவில். கரிமக் கரைப்பானில் கார்பன்–ஹைட்ரஜன் அதிர்வு 2900 அருகே, அதன் ராமன் 371 நா.மீ.யில் விழும், முதல் பட்டையின் தோளின் மேலேயே. ஹெக்சேனில் முதல் பட்டை சிறியது என்பதால் அங்கே விகிதம் செயற்கையாகக் கூடும். பைரீன் போதிய அளவு இருந்தால் இது கண்ணுக்குத் தெரியாது. செறிவு குறைவாகவோ ஒளிர்வு தணிந்தோ இருந்தால் தெரியும். வெறும் கரைப்பானை அதே அமைப்பில் ஸ்கேன் செய்து கழிப்பது ஒரு வழி. இன்னொரு வழி கிளர்வூட்டலை 320 நா.மீ.க்கு மாற்றுவது. அங்கும் பைரீனுக்கு வலுவான உறிஞ்சல் பட்டை உண்டு, நீரின் ராமன் 359க்கும், கரிமக் கரைப்பானின் ராமன் 353க்கும் ஒதுங்கிவிடும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும், கழித்தல் செய்தால் இரைச்சல் கூடுவதால்.

கடைசியாக, உச்சங்களை நிலையான அலைநீளத்தில் படிக்காதீர்கள். கரைப்பானுக்குக் கரைப்பான் பட்டைகள் ஒரு நா.மீ. அளவு நகரும். 371–376, 381–386 என்று இரண்டு சாளரம் வைத்து, அதற்குள் உச்சத்தைத் தேடி எடுங்கள். அதற்கு முன் உமிழ்வு மோனோக்ரோமேட்டரைப் பாதரச விளக்கின் 365.0, 404.7, 435.8 நா.மீ. கோடுகளில் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

பதில் | மூன்றாம்_பட்டை

முன்னவர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். மெத்தனால், ஆந்த்ரசீன் கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பைரீனின் மிகத் தாழ்ந்த கிளர்நிலையிலிருந்து தரைநிலைக்கு வரும் மாற்றம் கிட்டத்தட்டத் தடைசெய்யப்பட்டது. 372 நா.மீ.யில் உறிஞ்சல் அத்தனை மெலிதாக இருப்பதும், ஆக்சிஜன் இல்லாத ஹைட்ரோகார்பன் கரைப்பானில் ஒளிர்வு ஆயுள் 400 நானோவிநாடியைத் தாண்டுவதும் இதன் அடையாளங்கள். முதல் பட்டை அதிர்வு எதையும் கூட்டாத தூய மின்னணு மாற்றம், அந்தத் தடை முழுதாகத் தாக்குவது அதைத்தான். மூன்றாம் பட்டை ஓர் அதிர்வின் துணையோடு, மேலேயுள்ள வலுவான கிளர்நிலையிலிருந்து ஒளிச்செறிவைக் கடன் வாங்கி வருவது. அதனால் சூழல் எதுவானாலும் அது பெரிதாக அசையாது. முனைவுள்ள கரைப்பான் மூலக்கூறு பக்கத்தில் வந்தால் அதன் இருமுனை பைரீனின் மின்முகிலை இழுத்துச் சீர்மையைக் கொஞ்சம் குலைக்கும், தடை தளரும், முதல் பட்டை மட்டும் எழும்பும். ஒரே நிறமாலைக்குள் அசையும் பட்டையும் அசையாப் பட்டையும் இருப்பதால்தான் விகிதம் எடுக்க முடிகிறது. விளக்கின் ஏற்ற இறக்கமோ, செறிவில் சிறு பிழையோ இரண்டுக்கும் பொதுவாகி அடிபட்டுப் போகும்.

ஆந்த்ரசீனில் தாழ்ந்த கிளர்நிலை மாற்றம் தொடக்கத்திலேயே அனுமதிக்கப்பட்டது. தளர்த்துவதற்குத் தடையே இல்லை. கரைப்பானை மாற்றினால் பட்டைகள் சற்று நகரும், ஒப்பீட்டு உயரம் பயனுள்ள அளவுக்கு மாறாது. பெரிலீனும் அப்படியே. எனவே ஆந்த்ரசீன் இதற்கு ஆகாது. பைரீனைப் போல நடந்துகொள்வது பென்சோ[ஜிஎச்ஐ]பெரிலீன், அதற்கென்று தனி முனைவு அளவுகோலே உண்டு. ஆனால் நீரில் அது பைரீனைவிட மிக மிகக் குறைவாகக் கரையும், மைசெல் வேலைக்கு இழுபறிதான்.

பைரீனின் மேல் ஒரு தொகுதியை ஒட்டிவைத்த சேர்மங்களை, எடுத்துக்காட்டாகப் பைரீன் பியூட்டிரிக் அமிலத்தை, இதே விகித முறைக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவது பரவலான தவறு. ஒன்றாம் இடத்தில் ஆல்கைல் சங்கிலி ஒட்டியதுமே சீர்மை நிரந்தரமாகக் குலைகிறது, முதல் பட்டை எல்லாக் கரைப்பானிலும் எழும்பியே நிற்கும். கரைப்பான் செய்வதற்கு வேலை மிச்சமிராது.

இப்போது மெத்தனால். மின்காப்பு மாறிலி மெத்தனாலுக்கு 33, அசிட்டோநைட்ரைலுக்கு 36. விகிதமோ 1.35, 1.79. எதிர்ப்பக்க உதாரணம் டையாக்சேன்: மாறிலி 2.2 மட்டுமே, விகிதம் 1.50. ஆக, இந்த எண் மின்காப்பு மாறிலியின் மறுபெயர் இல்லை. பைரீனைத் தொட்டுக்கொண்டிருக்கும் முதல் சுற்று மூலக்கூறுகளின் உள்ளூர் மின்புலத்தையே அது காட்டுகிறது. டையாக்சேனின் நிகர இருமுனை சுழியை ஒட்டியது என்றாலும், ஒவ்வொரு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பும் அருகிலிருந்து பார்க்கும் பைரீனுக்குத் தெரிகிறது. மெத்தனால், எத்தனால் போன்றவை ஹைட்ரஜன் பிணைப்பால் தங்களுக்குள்ளேயே கோத்துக்கொள்பவை. பைரீனிடம் அவை திருப்புவது பெரும்பாலும் ஆல்கைல் பக்கத்தையே. டாங், வின்னிக் இருவரும் 1984இல் வெளியிட்ட பைரீன் விகித அட்டவணையைப் படிக்கும்போது புரோட்டான் தரும் கரைப்பான்களையும் தராதவற்றையும் ஒரே கோட்டில் சேர்க்காதீர்கள், இரண்டையும் தனித்தனியாகப் பொருத்துங்கள். பீட்டைன் சாயத்தின் நிற மாற்றத்தை வைத்த முனைவு அளவுகோலில் மெத்தனால் 55.4, அசிட்டோநைட்ரைல் 45.6 என்று வரிசை தலைகீழாக இருக்கும். அந்தச் சாயத்தின் ஆக்சிஜன் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கிறது, பைரீனுக்கு அந்த வசதி கிடையாது. இரண்டு அளவுகோலும் சரியானவையே, கேட்கும் கேள்விதான் வேறு.

பட்டையின் இடம் நகர்வதையே அளக்க வேண்டுமென்றால் வேறு மூலக்கூறு வேண்டும். ப்ரோடான் என்ற ஒளிர் சாயம் சைக்ளோஹெக்சேனில் 400 நா.மீ. அருகிலும் நீரில் 530 அருகிலும் ஒளிரும். பைரீன்-1-கார்பால்டிஹைடும் முனைவுள்ள கரைப்பான்களில் நன்றாக நகரும், ஆனால் ஹெக்சேன் போன்றவற்றில் ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. அவை தரும் எண்ணைப் பைரீன் விகிதத்தோடு ஒரே அட்டவணையில் கலக்காமல் இருந்தால் சரி.

ஒரு சிறு தகவல். மைசெல் ஆய்வுக்கு இந்த விகிதத்தைப் பரவலாக்கிய 1977ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்கள் கல்யாணசுந்தரமும் தாமஸும். பின்னாளில் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கும் மதுரைத் திட்டத்தை நடத்திய அதே கல்யாணசுந்தரம்தான்.

கேட்டவர் | கரைசல்_25

விரிவான பதில்களுக்கு மிக்க நன்றி. உமிழ்வு ஸ்லிட் 1 நா.மீ., கிளர்வூட்டல் 320 நா.மீ., செறிவு 1 × 10⁻⁶ மோலார் என்று மாற்றிய பிறகு: ஹெக்சேன் 0.60, மெத்தனால் 1.33, அசிட்டோநைட்ரைல் 1.75. ஒளிகுறைப்பு வடிகட்டி வைத்தாலும் இவை மாறவில்லை.

நீர் மட்டும் இன்னும் 1.62. 470 நா.மீ. பக்கம் ஒரு மங்கிய மேடும் தெரிகிறது. நீரில் செறிவு 2 × 10⁻⁶தான், எக்சைமர் எப்படி வரும்? மாதிரிகளைப் பாலிப்ரொப்பிலீன் குழாய்களில் ஒரு நாள் வைத்திருந்து அளந்தேன்.

பதில் | குவார்ட்ஸ்_குவெட்

25 டிகிரியில் நீரில் பைரீனின் கரைதிறன் லிட்டருக்கு ஏறத்தாழ 0.135 மில்லிகிராம், அதாவது 6.7 × 10⁻⁷ மோலார். நீங்கள் அதன் மூன்று மடங்கைப் போட்டிருக்கிறீர்கள். மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகமாக மிதக்கிறது. படிகத்தில் பைரீன் மூலக்கூறுகள் ஜோடி ஜோடியாகவே அடுக்கப்பட்டிருப்பதால் அதன் ஒளிர்வும் எக்சைமர் போலவே 470 அருகே அகன்று வரும். நீர்க் கரைசலில் அந்த மேட்டைக் கண்டாலே கரையாத பைரீன் இருக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும்.

பாலிப்ரொப்பிலீன் இரண்டாவது குற்றவாளி. நீரிலிருந்து பைரீனை அந்தச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், ஒரு நாள் தாராளமான நேரம். பாலிஸ்டைரீன் குவெட்டும் இதே கதைதான், 320 நா.மீ. ஒளியையும் அது சரியாக விடாது. கண்ணாடிப் புட்டி, பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்ளொட்டிய மூடி, குவார்ட்ஸ் குவெட் இவை போதும். மூடியின் ரப்பர் வளையம்கூடக் கரைசலைத் தொடக்கூடாது.

தயாரிப்பு இப்படி. 2.02 மில்லிகிராம் பைரீனை 100 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 1.0 × 10⁻⁴ மோலார் (மோலார் நிறை 202.25). இரண்டு மில்லிகிராமை நம்பகமாக நிறுக்கும் தராசு இல்லையென்றால் 20.2 மில்லிகிராமை 100 மில்லிலிட்டரில் கரைத்து, அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்யலாம். இந்த மூலக்கரைசலில் 60 மைக்ரோலிட்டரைச் சுத்தமான 20 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டியின் அடியில் விடுங்கள். மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தில் எத்தனாலை முழுக்க உலர்த்துங்கள். வேகமாக ஊதினால் பைரீன் சுவரின் மேலே ஏறிப் படியும், பிறகு நீர் அதை எட்டாது. உலர்ந்ததும் 10 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்து, ஒளி படாமல் இரவு முழுவதும் கலக்குங்கள். கிடைப்பது 6 × 10⁻⁷ மோலார், கரைதிறனுக்குச் சற்றே கீழே. நீரில் கரைவது மெதுவான வேலை என்பதால் இரண்டு மணி நேரத்தில் எடுத்து அளந்தால் மேடு இன்னும் இருக்கலாம். அந்த மேடு முற்றிலும் மறைந்த பிறகே விகிதத்தைப் படியுங்கள்.

மெத்தனால் கரைசலை நேராகவே ஊற்றக்கூடாதா என்றால், நீரின் விகிதத்தை மட்டும் அளக்க அரைச் சதவீத மெத்தனால் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் அடுத்து மைசெல் அளக்கப் போகிறீர்கள். ஆல்கஹால் மைசெல் உருவாகும் செறிவையே நகர்த்தும். இப்போதே உலர்த்தும் வழக்கத்துக்கு வந்துவிடுங்கள். மூலக்கரைசலை அசிட்டோனில் செய்யலாம், உலர்த்தும்போது எச்சம் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அசிட்டோனுக்கு 330 நா.மீ.க்குக் கீழே உறிஞ்சல் இருப்பதால் 320இல் கிளர்வூட்டும்போது எச்சம் தொந்தரவு தரும்.

பைரீனின் தூய்மையையும் பார்க்க வேண்டும். பழைய புட்டிகளில் பொருள் மஞ்சளாக இருக்கும். ஹெக்சேனில் நிறமாலை எடுத்து, 400 நா.மீ.க்கு மேல் எதிர்பாராத பட்டைகள் தெரிந்தால் எத்தனாலில் மறுபடிகமாக்கிவிட்டுத் தொடருங்கள். கரைப்பானையும் வெறுமனே ஸ்கேன் செய்து பாருங்கள், ஒளிரும் மாசு சிறிதும் இல்லாத நிறமாலைத் தரக் கரைப்பான்தான் இதற்கு ஏற்றது. பைரீன் பலவளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன், கையுறை இல்லாமல் தொட வேண்டாம். கழிவைத் தனிப் புட்டியில் சேர்க்க வேண்டும்.

பதில் | பட்டை373

ஆக்சிஜன் பற்றி ஆரம்பத்திலேயே குறிப்பிட்டிருந்தீர்கள். காற்று கரைந்த ஹெக்சேனில் பைரீனின் ஆயுள் 20 நானோவிநாடி அளவுக்கு விழும், சிக்னல் வெகுவாகக் குறையும். ஆனால் தணிப்பு எல்லாப் பட்டைகளையும் ஒரே விகிதத்தில் குறைப்பதால் 1:3 விகிதம் மாறாது. விகிதத்துக்காக மட்டும் நைட்ரஜன் ஊதத் தேவையில்லை. ஆயுளையோ எக்சைமரையோ அளப்பவர்களுக்குத்தான் அது கட்டாயம். எளிதில் ஆவியாகும் கரைப்பானில் ஊதினால் செறிவு ஏறிவிடும் என்ற கெடுதலும் உண்டு.

வெப்பநிலை ஏறினால் விகிதம் மெதுவாக இறங்கும். குவெட் தாங்கியை 25 டிகிரியில் வைத்து, குவெட்டை உள்ளே வைத்த பின் ஐந்து நிமிடமாவது விடுங்கள். ஸ்கேன்களுக்கு நடுவே ஷட்டரை மூடியிருங்கள்.

நீரை மறுபடி அளந்து 1.8 பக்கம் வந்துவிட்டால், அதன் பிறகு நூல் மதிப்பைத் துரத்தாதீர்கள். உங்கள் 0.60, 1.33, 1.75 நல்ல எண்கள். 0.5 நா.மீ. ஸ்லிட்டில் இன்னும் கொஞ்சம் நெருங்கும். முழுதாகப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. ஹெக்சேன், டொலுயீன் (நூலில் 1.04), மெத்தனால், அசிட்டோநைட்ரைல், டிஎம்எஸ்ஓ என்ற டைமெத்தில் சல்ஃபாக்சைடு (1.95) என்று ஐந்து கரைப்பானை அளந்து, உங்கள் எண்ணை நூல் எண்ணுக்கு எதிராக வரைந்து நேர்கோடு பொருத்துங்கள். அந்தக் கோடுதான் உங்கள் கருவிக்கான மாற்று விதி. அறிக்கையில் ஸ்லிட் அகலம், கிளர்வூட்டல் அலைநீளம், செறிவு, வெப்பநிலை நான்கையும் எழுதாமல் விகிதத்தை மட்டும் தருபவர்களின் எண்ணை யாரும் பயன்படுத்த முடியாது. வடிகட்டி வைத்து வேலை செய்யும் மைக்ரோபிளேட் ரீடரில் இந்த அளவீட்டைச் செய்ய முயல்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: அங்கே இரண்டு பட்டையும் பிரியவே பிரியாது.

கேட்டவர் | கரைசல்_25

உலர்த்தும் முறையில், கண்ணாடிப் புட்டியில், இரவு முழுவதும் கலக்கிய பிறகு நீர் 1.82. மேடும் இல்லை. எஸ்டிஎஸ் தொடரைத் தொடங்கப் போகிறேன். எத்தனை புள்ளிகள் வேண்டும், வளைவில் எந்த இடத்தை மைசெல் செறிவாக எடுப்பது? சிலர் வளைவின் நடுப்புள்ளியை எடுக்கிறார்கள், சிலர் அடித்தட்டு தொடங்கும் இடத்தை எடுக்கிறார்கள்.

பதில் | மூன்றாம்_பட்டை

பைரீன் செறிவைத் தொடர் முழுவதும் மாறாமல் வைத்திருப்பது முதல் வேலை. பைரீன் கலந்த நீரில் எஸ்டிஎஸ்ஸை ஊற்றிக்கொண்டே போனால் பைரீன் நீர்த்துக்கொண்டே போகும். அதனால் 6 × 10⁻⁷ மோலார் பைரீன் உள்ள நீரையே கரைப்பானாகக் கொண்டு எஸ்டிஎஸ் மூலக்கரைசலைத் தயாரியுங்கள். 1.154 கிராம் எஸ்டிஎஸ் 100 மில்லிலிட்டரில் 40 மில்லிமோலார். பிறகு பைரீன் நீரையும் இதையும் வெவ்வேறு அளவில் கலந்தால் எந்தப் புட்டியிலும் பைரீன் அளவு ஒன்றே. எஸ்டிஎஸ் குளிரில் படிகமாகும். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், வைத்திருந்தால் முழுக்கத் தெளியும்வரை சூடேற்றி மறுபடி 25க்குக் கொண்டுவாருங்கள்.

எஸ்டிஎஸ்ஸின் மைசெல் செறிவு 25 டிகிரியில், உப்பில்லாத நீரில், 8.2 மில்லிமோலார். 1, 3, 5இல் ஒவ்வொரு புள்ளி போதும். 6 முதல் 10 வரை அரை மில்லிமோலாருக்கு ஒன்று வேண்டும். பிறகு 12, 16, 20, 30. புள்ளிகளைச் சம இடைவெளியில் பரப்பினால் சரிவில் இரண்டு மூன்றுதான் விழும், பொருத்தம் நம்பத்தக்கதாக இராது. ஒவ்வொரு புட்டியும் கலந்த பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் நிற்கட்டும். நுரை வராமல் மெதுவாகச் சாய்த்துக் கலக்குங்கள், குவெட்டில் நுரைக்குமிழ் நின்றால் சிதறல் கூடும்.

வளைவு மேல்தட்டு, சரிவு, கீழ்த்தட்டு என்று வரும். போல்ட்ஸ்மன் சிக்மாய்டு (S வடிவ வளைவு) சமன்பாட்டைப் பொருத்தினால் நடுப்புள்ளியும் அகல அளவுருவும் கிடைக்கும். நடுப்புள்ளியில் சரிவுக்கு வரையும் தொடுகோடு கீழ்த்தட்டைத் தொடும் இடம், நடுப்புள்ளியோடு அகல அளவுருவின் இரு மடங்கைக் கூட்டிய இடம். எஸ்டிஎஸ் போன்ற, செங்குத்தாக விழும் அயனிச் சர்ஃபாக்டண்டுகளுக்கு இந்த இரண்டாவது புள்ளியே மற்ற முறைகளோடு நன்கு ஒத்துப்போகும். மிகக் குறைந்த செறிவிலேயே மைசெல் ஆகும் அயனியில்லா வகைகளுக்கு நடுப்புள்ளியை எடுப்பது வழக்கம். எதை எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். வரைபடத்தின் கிடை அச்சு நேர்அளவா மடக்கை அளவா என்பதையும் எழுதுங்கள், அகல அளவுருவின் பொருள் அதைப் பொறுத்து மாறுகிறது.

மைசெலில் பைரீன் கூட்டம் சேராதா என்ற பயம் வேண்டாம். 20 மில்லிமோலாரில் மைசெலாகியுள்ளது ஏறக்குறைய 12 மில்லிமோலார். ஒரு மைசெலில் 60 சொச்சம் மூலக்கூறு என்றால் மைசெல் செறிவு 0.19 மில்லிமோலார். பைரீன் 6 × 10⁻⁷. முந்நூறு மைசெலுக்கு ஒரு பைரீன்கூட இல்லை.

கீழ்த்தட்டு 1.1 அருகே வர வேண்டும். இந்த எண்ணை எத்தனாலின் 1.18ஓடு ஒப்பிட்டு “மைசெலின் உள்ளே எத்தனால் போன்ற சூழல்” என்று எழுதிவிடாதீர்கள். பைரீன் ஹைட்ரோகார்பன் மையத்தில் அமர்வதில்லை. தலைத் தொகுதிகளை ஒட்டிய, நீர் எட்டிப்பார்க்கும் வேலிப் பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கிறது. மையத்தில் இருந்திருந்தால் 0.6 பக்கம் வந்திருக்கும். விகிதம் சொல்வது பைரீன் இருக்கும் இடத்தைப் பற்றி.

வளைவு 6 அல்லது 7 மில்லிமோலாரிலேயே விழத் தொடங்கினால் பைரீனைக் குறை சொல்வதற்கு முன் எஸ்டிஎஸ்ஸைப் பாருங்கள். பழைய எஸ்டிஎஸ் மெல்ல நீராற்பகுந்து டோடெக்கனால் தரும், அது மைசெல் உருவாவதை முன்னுக்கு இழுக்கும். எத்தனாலில் மறுபடிகமாக்கினால் சரியாகிவிடும். மூலக்கரைசலையும் வாரக்கணக்கில் வைக்க வேண்டாம். நீரில் கலந்துள்ள உப்பும் மைசெல் செறிவைக் குறைக்கும் என்பதால் தாங்கல் கரைசலில் செய்தால் 8.2ஐ எதிர்பார்க்கக் கூடாது.

பதில் | குவார்ட்ஸ்_குவெட்

சர்ஃபாக்டண்டை மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செட்டில்பைரிடினியம் வகைகளில் இம்முறை வேலை செய்யாது. பைரிடினியம் வளையம் பைரீனின் ஒளிர்வைக் கடுமையாகத் தணிக்கும், மைசெலுக்குள் போன பைரீன் இருட்டாகிவிடும். மிஞ்சுவது நீரில் இருக்கும் பைரீனின் ஒளி மட்டுமே, அதனால் மைசெல் உருவான பிறகும் விகிதம் நீரின் மதிப்பிலேயே நிற்பதுபோலத் தோன்றும். சிடிஏபியில் (செட்டில்ட்ரைமெத்தில்அம்மோனியம் புரோமைடு) புரோமைடு அயனி ஓரளவு தணித்தாலும் விகிதம் பயன்படும்; அங்கே சிக்னல் குறைவதை எதிர்பார்த்து ஒருங்கிணைப்பு நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிளாக் கோபாலிமர் (வெவ்வேறு பாலிமர் துண்டுகள் இணைந்த சங்கிலி) மைசெல்களுக்கு 1:3 விகிதத்தின் அசைவு சில சமயம் போதாது. அதற்கு உமிழ்வை 390 நா.மீ.யில் நிறுத்தி, கிளர்வூட்டல் நிறமாலையை 300 முதல் 350 வரை ஸ்கேன் செய்வார்கள். நீரில் 333 நா.மீ.யில் நிற்கும் பட்டை, பைரீன் பாலிஸ்டைரீன் மையத்துக்குள் போனதும் 338க்கு நகரும். 338, 333 இரண்டிலும் உள்ள உயரங்களின் விகிதத்தைச் செறிவுக்கு எதிராக வரைய வேண்டும். அங்கே கூர்மை தேவைப்படுவது கிளர்வூட்டல் பக்கத்தில், ஆகவே 1 நா.மீ.க்குக் குறைக்க வேண்டியது அந்த ஸ்லிட்டை.

இரண்டு மாதிரிகளுக்கு நடுவே குவெட்டை நீரால் மட்டும் கழுவினால் போதாது, சுவரில் ஒட்டிய பைரீன் அடுத்த மாதிரிக்குப் போய்ச் சேரும். எத்தனாலால் மூன்று முறை, பிறகு நீரால், பிறகு வெறும் நீரை ஊற்றி ஒரு ஸ்கேன். 373இல் எதுவும் தெரியவில்லை என்றால் அடுத்த மாதிரியை ஊற்றலாம். எஸ்டிஎஸ் தொடரைக் குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்கு அளந்துகொண்டு போனால் இந்தத் தொல்லை பாதியாகும்.